தயாளன் விட்டுக்கொடுத்த பாயிண்ட்

நேற்று தொலைக்காட்சியில் டென்னிஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து கோட்டருகே விழுந்ததும் எங்கிருந்தோ ஒரு பதிவுக்குரல் "அவுட்" என்றது. கோடு பார்க்க ஆட்களே இல்லை. இயந்திரமே பார்த்துச் சொல்லிவிடுகிறதாம். ஆடியவன் முகம்கூடச் சுளிக்காமல் அடுத்த பந்துக்குப் போய்விட்டான். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. பால்கனிக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன்.

"இன்னா, வவுறு சரியில்லியா?" என்றாள் மனைவி.

வயிறு இல்லை, தயாளன்.

திருவொற்றியூரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில், பாய்லர் ஹவுஸை ஒட்டி ஒரு சிமென்ட் டென்னிஸ் கோர்ட் இருந்தது. காற்று ஒரு பக்கம் அடித்தால் அமோனியா நெடி, மறுபக்கம் அடித்தால் கருவாட்டு வாடை. இரண்டுக்கும் நடுவே எங்கள் மர மட்டைகளின் வார்னிஷ் வாசனை. இப்போதைய பிள்ளைகள் பின்னால் நின்றபடியே இரண்டு கையாலும் விளாசுகிறார்கள். நாங்கள் சர்வீஸ் போட்ட கையோடு வலையைப் பார்த்து ஓடுவோம். நான் ஓடுவது பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி இருக்கும் என்பார்கள்.

தயாளன் வியாசர்பாடிக்காரன், என்னோடு ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். கால்பந்து ஆடி உரமேறிய கால்கள். ஒரு வருஷம் தொழிற்சாலை கிளப்பின் இறுதிப் போட்டியில் நானும் அவனும் மோதினோம். ஜெயிப்பவன் நகரத்துப் பெரிய கிளப்பின் புல்தரையில் போய் ஆடலாம். அந்தப் புல்லின்மேல் அவனுக்குப் பைத்தியம். கேண்டீனில் வேறு பேச்சே கிடையாது.

கடைசி செட். அவனுக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒன்று எடுத்தால் ஆட்டம் அவனுடையது. நான் அடித்த பந்து அவன் காலடியில், கோட்டருகே விழுந்தது. "அவுட்" என்றார் நடுவர். கூட்டம் கைதட்டியது. தயாளன் மட்டும் கையை ஆட்டினான்.

"இல்ல சார், கோட்டு மேல வுளுந்துச்சு. பாயிண்ட்டு அவனுது."

ஆட்டம் தொடர்ந்தது. அவன் தோற்றான்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவனை மடக்கினேன். "மெய்யாலுமே உள்ளதான் வுளுந்துச்சா?"

"பக்கத்துல நின்னது நானா நீயா? உனுக்கு இன்னா பேஜாரு? போய் ஆடுப்பா."

போனேன். முதல் சுற்றிலேயே தோற்றேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த தயாளன், எல்லோரும் கலைந்த பிறகு ஷூவைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினான். "ஐய, ஜில்லுனு கீதுப்பா!" தோட்டக்காரர் கத்தும்வரை அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

அன்று அந்த இயந்திரம் இருந்திருந்தால் ஒரு நொடியில் உண்மை தெரிந்திருக்கும். தயாளன் வாயே திறந்திருக்க வேண்டாம். அது நல்லதா கெட்டதா என்று யோசித்து யோசித்து மனசு ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

அந்தப் புல்லையும் கொத்தியெடுத்துவிட்டு நீலத் தரை போட்டுவிட்டார்கள். தொழிற்சாலை மூடியதும் தயாளன் வளைகுடாவுக்குப் போனான். கொஞ்ச நாளில் தொடர்பு அறுந்தது.

பொறுக்கமுடியாமல் இன்று காலை திருவொற்றியூருக்குப் போனேன். கோர்ட் இருந்த இடத்தில் கன்டெய்னர்கள் மாடி மாடியாக நின்றன. எட்டி எட்டிப் பார்த்த என்னிடம் காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்றார்.

"தயாளன்" என்றேன், யோசிக்காமல்.

"அப்டி யாரும் இங்க இல்ல சார். லாரி வந்துகினு கீது, ஓரமா நில்லு."