பூசணிக்கு வராத தேனீ

தங்கை பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அக்கா வீட்டிலிருந்தே சீருடை தைத்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று மூக்கைச் சிந்தியதும் இல்லை. முன்பக்கத் தோட்டம் அக்காவின் ராஜ்ஜியம். நர்சரியில் பார்த்துப் பார்த்து வாங்கிய தொட்டிகள், அடுக்கடுக்கான இதழோடு கண்ணைப் பறிக்கிற பூக்கள். தங்கைக்குக் கிடைத்தது பின்பக்கம் ஒரு துண்டு மண். அதில் பூசணி போட்டாள்.

கொடி மதில்மேல் ஏறி ஓடியது. பூவுக்கும் குறைவில்லை. பிஞ்சுதான் கோலிக்குண்டு அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். தேனீ எட்டிப் பார்த்தால்தானே காய் பிடிக்கும்? வேறு வழியில்லாமல், வேலைக்குக் கிளம்புமுன் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தானே தேய்த்துவிட்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்த அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நமக்கு அமையாத மாப்பிள்ளையைப் பூசணிக்குத் தேடுறியாடி?"

"சிரிக்காதக்கா. விடிகாலையில பூ விரியும்போதே தேய்க்கணும். லீவு நாள்ல கூடத் தூங்க முடியல."

பேருந்துகள் நிற்கும் இடத்தில் வேலியோரம் தும்பை தானாக முளைத்துக் கிடந்தது. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. அந்தத் துளி வெள்ளைப் பூக்களில் தேனீ மொய்ப்பதை ஒருநாள் தங்கை பார்த்தாள். இந்த மண்ணின் செடி, இந்த மண்ணின் பூச்சி. ஒன்றையொன்று தெரியாமலா இருக்கும்? வேர் மண்ணோடு சில செடிகளைப் பெயர்த்து வந்து பூசணிக்குப் பக்கத்தில் நட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், எல்லாம் குப்பைத் தொட்டியில் கிடந்தன.

"ஏன்க்கா பிடுங்கின?"

"களையை யாராவது நடுவாங்களா?"

"களைன்னு உனக்குக் கோபம் இல்ல. உண்மையைச் சொல்லு."

அக்கா தையலை நிறுத்தினாள். "வானொலியில அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டாங்களே, ஞாபகம் இருக்கா? அன்னிக்குக் காலையில தேனீ உதட்டுல கொட்டிடுச்சு. வாய் இவ்ளோ பெருசா வீங்கிப்போச்சு. 'வணக்கம்'னுகூடச் சொல்ல வரல. வேற யாரோ அந்த வேலைக்குப் போனாங்க."

தங்கை அப்போது சின்னப் பெண். அக்காவுக்குக் காய்ச்சல் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"முன்னாடி வெச்சிருக்கேனே, அந்த அடுக்குப் பூவுல தேனும் கிடையாது, மகரந்தமும் கிடையாது. பூச்சி வராதுன்னு கேட்டுத்தான் வாங்கினேன்."

குரலுக்காகவே ஊர் மெச்ச வேண்டியவள், இத்தனை வருஷம் மெஷின் சத்தத்தோடு காலம் தள்ளியிருக்கிறாள்.

"சரிக்கா. உன் பக்கம் எந்தச் செடியும் நட்டு வைக்க மாட்டேன். துணி காயப்போடுற கொடியை முன்னாடி மாத்திடலாம். உன் ஜன்னலுக்கு வலை அடிச்சுத் தர்றேன். மதில் ஓரத்தை மட்டும் எனக்கு விட்டுடு."

அக்கா எழுந்து அளவு நாடாவை எடுத்தாள். வலைக்கு ஜன்னலை அளந்து கொடுத்தாள்.

தங்கை மதிலோரம் மறுபடி தும்பையும், கூடவே துளசியும் நட்டாள். மழைக்குப் பிறகு இரண்டும் ஒன்றாகப் பூத்தன. முதலில் வந்தவை கொசுத்தேனீக்கள். "இதுக்குக் கொடுக்கே இல்லக்கா, கொட்டாது" என்று தங்கை சொன்னபோது, "நீ சொன்னா ஆச்சா?" என்றாள் அக்கா. பின்னாலேயே பெரிய தேனீயும் கருவண்டும் வந்தன. பூசணி இரண்டு காய் காய்த்தது.

அக்கா இப்போது பின்பக்கம் கால் வைப்பதே இல்லை. ஆனால் ஒரு காலையில் தங்கை கத்தரிக்கோலோடு, தேனீ மொய்க்கும் துளசிப் பக்கம் போனபோது வலைக்குப் பின்னாலிருந்து, எழுத்துக்கு எழுத்து தெளிவாக, அந்தக் குரல் கேட்டது:

"ஏய், அந்தக் கிளையை வெட்டாத. ஆள் உட்கார்ந்திருக்கு."