காய்ச்சாத பாலில் செய்த மடத்துச் சீஸ்

இரண்டு கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, லண்டனிலிருந்து காரில் பெல்ஜியத்துக்குப் போய் அன்றைக்கே திரும்பினோம். நான், என் கணவர் றெஜி, அவருடைய தாய் என்று மூன்று பேர். பல நூறு வருடமாகத் துறவிகள் பியர் வடித்து, சீஸ் செய்து, அதில் சீவிக்கும் ஒரு கத்தோலிக்க மடத்தைப் பார்க்கப் போனோம். மடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. வழக்கமாக இந்தப் பக்கத்தில் சிரித்துக்கொண்டுதான் எழுதுவேன். இதைப் பயந்துகொண்டு எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் மாமி, றெஜியின் தாய். மன்னார்க் கத்தோலிக்க ஆள், லண்டனில் மனோர் பார்க்கில் இருக்கிறார், பூசை தவறாதவர். எங்களுக்குக் கலியாணமாகி ஆறு வருடம். இரண்டு தரம் வயிற்றில் தங்கி, இரண்டும் கலைந்து போயின. அந்த மடத்துக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி மன்றாடினால் பிள்ளை நிற்கும் என்று அவருடைய பங்குக் கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் சைவக்காரி. ஆனால் இந்த விஷயத்தில் எந்தக் கோயில் வாசலிலும் நிற்க எனக்கு வெட்கமில்லை.

மாமிக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. நான் அப்போது ஒன்பது கிழமைக் கர்ப்பிணி. மூன்று மாதம் முடியுமட்டும் வெளியில் சொல்லக்கூடாது, கண்ணூறு படும் என்பது மாமியின் சட்டம். முந்திய இரண்டு தரமும் அவருக்கு மட்டும் சொன்னோம். இந்த முறை அவருக்கும் சொல்லவில்லை. றெஜிக்கும் எனக்கும் என்னைப் பார்க்கிற மருத்துவிச்சி மிட்வைஃபுக்கும் மட்டும்தான் தெரியும். கேட்கப் போகிற வரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு அதையே கேட்கப் போனேன் என்று சொல்லலாம்.

இனி வழி. பிளேஸ்டோவில் எங்கள் வீட்டிலிருந்து விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டு, மாமியை ஏற்றிக்கொண்டு, ஃபோக்ஸ்டனுக்கு ஏறக்குறைய எழுபத்தைந்து மைல். காரோடு சுரங்க ரயிலில் ஏறினால் முப்பத்தைந்து நிமிடத்தில் பிரான்ஸ். போய்வர டிக்கெட் நூற்றுப் பதினெட்டுப் பவுண், மூன்று மாதம் முந்திப் போட்டபடியால். இறங்கியதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வையுங்கள். அங்கிருந்து மடத்துக்கு நூற்றைந்து கிலோமீற்றர், நல்ல தெரு. வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். கார் ஓட்டம் ஒத்துவரவில்லை என்று மாமிக்குச் சொன்னேன். அவர் இஞ்சி ரொபி மிட்டாய் ஒன்று நீட்டினார்.

மடம் வயல்களுக்கு நடுவே, உயரச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. துறவிகள் இருக்கும் பகுதிக்குள் விடமாட்டார்கள். பழைய கோயிலின் இடிந்த சுவர்கள், புதுக் கோயிலின் பின்வரிசை வாங்குகள், கண்ணாடிக்கு அப்பால் தெரியும் பியர் வடிக்கிற செப்புக் கிடாரங்கள், சீஸ் பழுக்க வைக்கும் நிலவறையின் ஒரு பக்கம், ஒரு கடை, இவ்வளவும் பார்க்கலாம். நுழைவு ஏழு யூரோ. பார்லி அவியும் மணம் வாசலிலேயே முகத்தில் அடித்தது. றெஜிக்கு அது சொர்க்கம், நான் சால்வைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன். நிலவறையில் ஒரு துறவி சீஸ் வட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பியரால் கழுவித் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி அவ்வளவு பக்குவம். நான் கழிவறைக்குப் போய் உள்ளாடையில் இரத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். காலையிலிருந்து அது நாலாம் தரம். இழந்தவர்களுக்கு இந்தப் பயம் தெரியும்.

கோயிலில் மாமி இரண்டு மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளில் நின்றார். அவருக்கு அருகில் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. தெரிந்து ஐந்து கிழமையாகியும் சொல்லாமல், அழுது மன்றாடுகிற மனுசியைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசில்லை.

கடையில்தான் நடந்தது. ஒரு பக்கம் பியர், மறுபக்கம் சீஸ், இரண்டிலும் ருசி பார்க்கத் தருவார்கள். பியரை நான் வேண்டாமென்றபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பெண்கள் பியரை மறுத்தால் யார் ஏனென்று கேட்பார்கள்? சீஸை மறுக்கத்தான் காரணம் வேண்டும். நாங்கள் போனபோது அங்கிருந்து சீஸை இங்கிலாந்துக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. அதனால் அங்கேயே சாப்பிட வேண்டும் என்று மாமி நின்றார். குச்சியில் ஒரு துண்டைக் குத்தி, சிலுவை அடையாளம் போட்டு, என் வாய்க்கு நேரே பிடித்தார்.

"சாமிமாற்ற கையால செய்த சாமான். வாயைத் திற பிள்ளை. அடுத்த வருசம் தூக்கிக்கொண்டு வரவேணும்."

கார் ஓட்டவேண்டியபடியால் குடிக்காமல், றெஜி பியர்ப் பக்கம் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிட்வைஃப் சொன்ன விலக்குகள் எனக்கு ஞாபகம் இருந்தன. பூஞ்சணம் பிடித்த சீஸ், பிசைகிற மாதிரி மெதுவான சீஸ் கூடாது. இது மஞ்சளாக, கொஞ்சம் இறுக்கமாகத்தான் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

கடையில் நின்ற வயதான துறவிக்கு ஆங்கிலம் வந்தது. மாமிக்கு விளங்கட்டும் என்று அவர் சொல்வதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மாடுகள் மடத்தினுடையவை, விடியக் கறக்கிறார்கள், பாலைக் கறந்த சூட்டோடு எடுக்கிறார்கள், ஒருபோதும் காய்ச்சுவதில்லை, அதுதான் ருசி. "ஒருபோதும் காய்ச்சிறேல்லையாம்" என்று சொல்லிவிட்டு மொழிபெயர்ப்பதை நிறுத்தினேன். எங்கள் வீடுகளில் பால் என்றால் காய்ச்சிய பால். காய்ச்சாத பாலில் ஒருவர் ஏதும் செய்வார் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

நான் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், நான் கர்ப்பிணி, இதைச் சாப்பிடலாமா என்று. அவர் முகம் மாறியது. கல்லாவில் ஒட்டியிருந்த சிறிய அறிவித்தலைக் காட்டினார். அவர்கள் பாஷையில் இருந்தது, பக்கத்தில் வயிறு பெருத்த பெண்ணின் படமும் இருந்தது. நான் கர்ப்பிணி என்று சொன்னது விளங்குமளவுக்கு மாமிக்கு ஆங்கிலம் தெரியும். குச்சி இன்னும் அவர் கையில்தான்.

"துப்பு," என்றார். உள்ளங்கையை என் நாடிக்குக் கீழே ஏந்தினார். "துப்பு பிள்ளை, என்ர கையில துப்பு."

அது எப்போதோ உள்ளே போய்விட்டது.

மிட்வைஃபின் இலக்கத்துக்குக் கடை வாசலில் நின்று போன் எடுத்தேன். காய்ச்சாத பாலில் பிள்ளையைக் கலைக்கிற ஒரு கிருமி இருக்கக்கூடும், ஆனால் ஆபத்து மிகக் குறைவு என்றார். சுகமாக இருக்கும்போது சோதிக்க ஒன்றுமில்லை, ஆனால் காய்ச்சல், உடம்பு உளைவு, வயிற்றோட்டம் எது வந்தாலும் உடனே போன் எடுக்க வேண்டும், அந்த நோய் வருவதென்றால் பல கிழமை கழித்தும் வரலாம். குறைவு என்ற சொல்லை றெஜி பிடித்துக்கொண்டார். பல கிழமை என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பிரான்ஸ் பக்கத்து ரயிலடியான கலேயில் ஒன்றரை மணித்தியாலம் வரிசை. மாமி பின்சீற்றில் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். சுரங்கத்துக்குள் போகும்போது உருட்டுவதை நிறுத்தினார்.

"நான்தானே ஊட்டினனான்."

இல்லை மாமி என்று சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: மடம் பார்க்க வேண்டிய இடம்தான். ஞாயிறு கடை பூட்டு. கார் நிறுத்தக் காசில்லை. ஓட்டுகிறவர் பியர்ப் பக்கம் போகவேண்டாம், அங்கத்தையப் பியர் கடுமை. சீஸ் கொண்டுவரும் விதி மாறக்கூடும், புறப்பட முன் பாருங்கள். கர்ப்பிணிகள், வயதானவர்கள், மருந்தால் உடம்பு பலவீனமானவர்கள் சீஸைத் தொட முன் பால் காய்ச்சியதா என்று கேளுங்கள். யார் பக்கத்தில் நின்றாலும் கேளுங்கள்.

இன்றைக்கு எனக்குப் பதினொரு கிழமை. ஸ்கான் வருகிற புதன். இதுவரை காய்ச்சல் இல்லை. அன்றிலிருந்து மாமி எங்கள் வீட்டில்தான் நிற்கிறார். நேற்று இதை எழுதட்டோ என்று அவரிடம் கேட்டேன். மூன்று மாதம் முடியவில்லையே என்றும் சொன்னேன்.

"எழுது," என்றார். "கண்ணூறு எண்டு நான் சொல்லாட்டி, நீ எனக்குச் சொல்லியிருப்பாய். எல்லாருக்கும் தெரியட்டும். படுறதெண்டால் எனக்குப் படட்டும்."

கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. ஆறு மணியாகிறது. மாமி தெர்மாமீற்றரோடு படியேறி வருகிறார்.