பிறை தெரியாத ரம்ஜான்

குடியாத்தத்தையும் ஆம்பூரையும் சேர்த்துவைக்க வேண்டும் என்று என் அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. நெய்த லுங்கிகளை ஆம்பூருக்குக் கொண்டுபோய்ப் போட்டுவந்தவர், தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த ஒருவரோடு ரயிலில் சிநேகமாகி, அவராகவே இந்த வேலையை எடுத்துக்கொண்டார். பொங்கலுக்கு அவர்கள் இங்கே வருவது, ரம்ஜானுக்கு நாங்கள் அங்கே போவது என்று ஏற்பாடு.

"ரெண்டு ஊரும் அக்கா தங்கச்சி மாதிரி" என்றார் அப்பா.

"எனக்கு இருக்குற நாத்தனார் போதும்" என்றாள் அம்மா.

பொங்கலுக்கு மேஸ்திரி குடும்பத்தோடு வந்து, கரும்பு கடித்து, சந்தோஷமாகத் திரும்பிப் போனார். அடுத்த மாதமே ரம்ஜான். தெருவில் கூட்டம் போட்டு அப்பா பேசியபோது இருபது பேர் கை தூக்கினார்கள். புறப்படும் நாளில் ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்குத் தறியில் பாவு ஏற்றும் வேலை. மிச்சப் பேரைக் கண்ணிலேயே காணோம். கடைசியில் அப்பா, அம்மா, பத்து வயது நான். அவ்வளவுதான் குடியாத்தம்.

"பிறை பாத்துதான் பண்டிகைன்னு சொல்வாங்களே, விசாரிச்சீங்களா?" என்று ஜட்காவில் ஏறும்போதே அம்மா கேட்டாள். காலண்டரில் சிவப்பாகப் போட்டிருப்பதாக அப்பா சொன்னார். சிவப்புக்கு மேல் அவரிடம் பேச முடியாது.

ஆம்பூரில் இறங்கியபோது கடைவீதியில் பண்டிகைக் களையே இல்லை. தோல் ஷாப்புகளின் வாடை மட்டும் வழக்கம்போல் எதிர்கொண்டது. அப்பா அதிரசக் கூடையோடு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். மேஸ்திரி வீட்டுக் கதவு திறந்ததும், ஒரு வாரமாக அப்பா என்னை மனப்பாடம் செய்யவைத்திருந்த "ஈத் முபாரக்"கை நான் அடித்தொண்டையில் கத்தினேன்.

பழைய லுங்கியில் நின்றிருந்த மேஸ்திரி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து பிறை தெரியலண்ணா. இன்னைக்கும் நோன்புதான். பண்டிகை நாளைக்கு."

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் ஒரு தறி எரிந்து போயிருக்கும். அப்பா கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அப்படியே திரும்புகிறோம் என்று அம்மா சொல்லச் சொல்ல, மேஸ்திரியின் மனைவி உள்ளேயிருந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தி என்ற முறையில் அவளை நான் சாச்சி என்று கூப்பிட வேண்டும் என்பதும் அப்பாவின் ஏற்பாடு.

"வூட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு வெறும் வயித்தோட போறதா? கொழந்த மூஞ்சியப் பாருக்கா."

குழந்தையின் முகம் உண்மையிலேயே பரிதாபமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆம்பூர்ப் பிரியாணி என்று ஆசை காட்டித்தானே என்னைக் கூட்டிவந்திருந்தார்கள். சாச்சி அந்த வெயிலில் விறகடுப்பை மூட்டினாள். அம்மா வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் நாலைந்து முறை போய் "ஆச்சா?" என்று கேட்டேன். புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வறண்ட உதட்டோடு, "ஆச்சுடா கண்ணு" என்றாள் சாச்சி ஒவ்வொரு முறையும்.

ஒருவழியாகத் தட்டு வந்தது. எங்களோடு அவர்களின் சின்னப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். முதல் வாயிலேயே எனக்கு அழுகை வந்தது.

"உப்பே இல்ல!"

மேஸ்திரி திடுக்கிட்டார். சாச்சியின் முகம் சிறுத்துப் போயிற்று. "கம்மியாவா இருக்குது?" என்று கேட்டு, உப்புக் கிண்ணத்தை எடுத்துவர ஓடினாள். அம்மா என் தொடையை நன்றாகத் திருகிக் கிள்ளினாள்.

"இவ கெடக்குறா, சரியாத்தான் இருக்குது தங்கச்சி. இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினாள். வீட்டில் ரசத்துக்கு ஒரு கல் உப்பு குறைந்தாலும் இலையை நகர்த்திவைப்பவள் அவள்.

திரும்பும் ரயிலில் அப்பா வாய் திறக்கவில்லை. திறக்க அம்மா விடவில்லை. நான்தான் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் புலம்பிக்கொண்டு வந்தேன். இவ்வளவு தூரம் போய், இவ்வளவு நேரம் காத்திருந்து, உப்பில்லாத பிரியாணி! அத்தனை நேரம் அடுப்படியில் நின்றவள், ஒரே ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.