மூன்றாம் அட்டவணை

1. நாற்காலியில் உட்காராத பெண்

செல்வி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, அந்த இதழ் அச்சாகிச் சந்தாதாரர்களுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் எங்கள் ஆபீஸ். தானியங்களையும் மசாலாப் பொருள்களையும் கெடாமல் சேமித்து வைப்பது பற்றிய ஆராய்ச்சி இதழ் ஒன்றை ஒரு சங்கம் நடத்தி வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் வரும். நான் அதில் உதவி ஆசிரியை. கட்டுரை வந்தால் எழுதியவர் பெயரை மறைத்து, மதிப்பிட்டுச் சொல்லும் இரண்டு ரெஃப்ரிகளுக்கு அனுப்புவேன். அவர்கள் சரி என்றால் அச்சுக்குக் கொடுத்து, ப்ரூஃபை எழுதியவருக்கு அனுப்பித் திருத்தி வாங்குவேன். அமைதியான வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

செல்வி நாகர்கோவில் பெண். எங்கள் சங்கத்தின் துணைத் தலைவர் டாக்டர் கோவிந்தனிடம் ஆராய்ச்சி மாணவி. புதிய இதழின் முதல் கட்டுரை அவர்கள் இருவர் பெயரிலும் வந்திருந்தது.

"அக்கா, அந்த மூணாவது டேபிள் நான் எடுத்தது இல்ல" என்றாள்.

"எது, கேஸ் ரீடிங்கா?"

"ஆமா. கதவுப் பக்கத்து ரீடிங்தான் நான் எடுத்தேன். மூட்டைக்கு நடுவுல கேஸ் அளக்கற ட்யூப் தீந்து போச்சு. வாங்கித் தாரேன்னு சார் சொன்னாரு. எங்க அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டு வந்தேன், பேப்பர் உங்களுக்கு அனுப்பியாச்சுன்னுட்டாரு. உள் ரீடிங்னு அதுல போட்டிருக்கறத புஸ்தகத்துலதான் பாத்தேன்."

"ப்ரூஃப் பாக்கலையா?"

"எனக்கு எங்க வந்துச்சு? சாருக்குத்தான அனுப்புனீங்க."

அது உண்மை. முதல் பெயர்க்காரருக்கு மட்டும் ப்ரூஃப் அனுப்புவதுதான் அந்தக் காலத்து வழக்கம்.

கட்டுரையின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பூச்சி பிடிக்காமலிருக்கக் கிடங்கை அடைத்து உள்ளே மருந்து மாத்திரை வைப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு பூச்சியைக் கொல்லும்; மனிதனையும் கொல்லும். அதனால் கதவுகளைத் திறந்து பல நாள் காற்றாடவிட்ட பிறகே ஆட்கள் உள்ளே போவார்கள். ஒரே நாள் போதும் என்று டாக்டர் கோவிந்தன் எழுதியிருந்தார். அதற்கு ஆதாரம் மூன்றாம் அட்டவணை.

"கதவுகிட்ட காத்து அடிக்கும். உள்ள மூட்டைக்கு நடுவுல காத்தே போவாதுக்கா" என்றாள் செல்வி. பிறகு, "என் பேர மட்டும் சொல்லிராதீங்க. தீசிஸ்ல அவருதான் கையெழுத்துப் போடணும்" என்றாள்.

அவள் படியிறங்கிப் போன பிறகு கீழே மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு, சாத்தி என்ன பயன் என்று திறந்தேன்.

2. பொய் சொல்லாமல் கேட்பது

இதழின் ஆசிரியர் ராமநாதன் சார். என்னைப் போலவே பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். கல்லூரியில் ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவர். நான் சொன்னதைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றது சத்தியமாவே இருக்கட்டும். அதை மட்டும் வச்சுண்டு ஒரு மனுஷனைக் கள்ளன்னு நாம அச்சடிக்க முடியுமோ? அவர் பக்கமும் கேக்கணும்."

"கேட்டா, செல்விதான் சொன்னான்னு தெரிஞ்சுடுமே சார். வேற யாரோ வாசகர் கேட்டதா எழுதட்டுமா?"

"பொய் வேண்டாம் சாரதா. கேள்வி வந்திருக்கு, மூல ரீடிங்கை அனுப்புங்கோன்னு எழுது. யார் கேட்டான்னு சொல்ற வழக்கம் நமக்கு இல்லை. மூணாவது டேபிளை மட்டும் கேக்காதே. எல்லா டேபிளுக்கும் கேளு."

அப்படியே எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. இன்னொரு முறை எழுதினோம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் படியிறங்கி ஓடுவேன். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால்தான் பஜாரில் எல்லாக் கிடங்கிலும் மருந்து வைப்பார்கள்.

டாக்டர் கோவிந்தன் நேரிலேயே வந்தார். கோயம்புத்தூரில் படித்தவர். என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"யாரு கேட்டது? செல்வியா?"

என் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து, மேஜைமேல் இருந்த ப்ரூஃப் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டவங்க பேரை நாங்க சொல்றதில்லை சார். உங்க பேப்பரைப் பாத்த ரெஃப்ரி பேரைக்கூட உங்ககிட்ட சொன்னதில்லையே."

"லேப்ல கோடை மழைத் தண்ணி ஒழுகி ரீடிங் எல்லாம் நாசமாயிப் போச்சு. இத்தனை வருஷம் இந்தச் சங்கத்துக்கு உழைச்ச என்மேல நம்பிக்கை இல்லைன்னா சொல்றது? வேணும்னா அடுத்த இதழ்ல ஒரு விளக்கம் எழுதித் தரேன்."

அடுத்த இதழுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ராமநாதன் சார் அதற்குச் சம்மதித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் வேறென்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

3. "புஸ்தகத்துல போட்டிருக்காம்"

பள்ளுருத்தியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பேச்சியம்மா குடியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். பஜாரில் வேறொரு கிடங்கில் சுக்கு புடைத்துத் தரம் பிரிக்கிற வேலை. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம்; புஸ்தக ஆபீஸ் என்பதால் பஜாரில் எல்லோருக்கும் நான் டீச்சர். ஒருநாள் அவள் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி நின்றாள்.

"என்ன பேச்சியம்மா, மேலுக்கு முடியலையா?"

"தலை சுத்துது டீச்சரே. நேத்து குடோனுக்குள்ள போனதுலேர்ந்து இப்படித்தான். எங்கூட இருந்த ரெண்டு பேரு வாந்தி எடுத்தாளுவ. சாயாகூட வயித்துல நிக்கல."

"மருந்து வச்ச குடோனா?"

"ஆமா. முன்னெல்லாம் அத்தன நாளு உள்ள விடமாட்டாவ. இப்ப ஒரு நாளு போதுமாம்லா. புஸ்தகத்துல போட்டிருக்காம்."

மட்டாஞ்சேரியில் இறங்கியதும் ஆபீசுக்குப் போகாமல் பேச்சியம்மாவுடன் அவளுடைய கிடங்குக்கே போனேன். சூப்பர்வைசர் ஹம்சா வாசலில் நின்றிருந்தார். நல்ல மனிதர்தான்; அண்ணன் என்ற பொருளில் அவரை இக்கா என்றுதான் கூப்பிடுவோம். வியாபாரிகள் சங்கத்துச் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். எங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தி அதில் அப்படியே இருந்தது.

"இக்கா, இன்னும் ரெண்டு நாள் யாரையும் உள்ள விடாதீங்க" என்றேன்.

"எந்தா டீச்சரே இது? நிங்களோட புஸ்தகம்தானே? அதுல எழுதியிருக்கிறது தெற்றுன்னு நிங்களே பறஞ்சா நான் முதலாளிகிட்ட எந்து பறயும்?"

"அதைத் தப்புன்னு இன்னும் எங்களால சொல்ல முடியலை. சரின்னும் சொல்ல முடியலை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஒரு நாள் ஆட்களை வெளி முற்றத்தில் வேலை செய்ய வைத்தார். நாளைக்கு என்னால் முடியாது, எழுத்தில் ஏதாவது கொடுங்கள் என்றார். பேச்சியம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

4. ஒரு பத்தி

ராமநாதன் சார் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கடைசியில், "அந்த வாயுவாலதான்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லை சார். வெயிலாக்கூட இருக்கலாம்னு சொல்வார். நாம நிச்சயமா தெரிஞ்சுக்கற வரைக்கும் அவங்க உள்ள போயிண்டேதான் இருப்பாங்க."

அவர் காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். எழுதுவதும் அடிப்பதுமாக மதியம் வரை ஆயிற்று. கடைசியில் நின்றது ஒரே பத்தி. 'இக்கட்டுரையின் மூன்றாம் அட்டவணைக்கான மூல அளவீடுகளைக் கேட்டோம். இதுவரை எங்கள் பார்வைக்கு வரவில்லை. அவை கிடைத்துச் சரிபார்க்கப்படும் வரை இதன் பரிந்துரையை யாரும் பின்பற்ற வேண்டாம். பழைய முறைப்படியே கிடங்குகளைக் காற்றாடவிடவும்.' அதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. செல்வியின் பெயரும் இல்லை.

"சங்கத்துல கேக்க வேண்டாமா சார்?"

"கேட்டா கமிட்டி கூட்டுவா. அச்சுல வரதுக்கு ஆசிரியர்தானே பொறுப்பு? நான் கையெழுத்துப் போடறேன். உன் பேர் எதுலயும் வர வேண்டாம்."

அச்சகத்தில் அன்றைக்கே சீட்டாக அடித்து வாங்கினோம். சந்தாதாரர்களுக்கும் வியாபாரிகள் சங்கத்துக்கும் தபாலில் போனது. மலையாளத்திலும் தமிழிலும் நான் எழுதிக் கொடுத்த சீட்டுகளை நானும் அவருமாகக் கிடங்கு கிடங்காகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சிலர் வாங்கிப் படித்தார்கள். ஒருவர் எங்கள் எதிரிலேயே கிழித்துப் போட்டார். ஹம்சா வாங்கிக் கதவில் ஒட்டினார். அந்த வாரம் முழுக்க, எங்காவது யாராவது செத்துவிட்டார்கள் என்று செய்தி வருமோ என்ற பயத்தோடுதான் பேப்பரைப் பிரித்தேன். அப்படி எதுவும் வரவில்லை.

5. பிறகு

சங்கக் கூட்டத்தில் டாக்டர் கோவிந்தன், இதழாசிரியர் தன்னிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். ராமநாதன் சார் எழுந்து, "ரீடிங்கைக் கொண்டு வரட்டும். அடுத்த இதழ் முதல் பக்கத்துல என் மன்னிப்பைப் போடறேன்" என்றார். ரீடிங் வரவில்லை. விளக்கமும் வரவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டபடி வேறொரு ஊர் ஆய்வுக்கூடத்தார் அதே முறையில் அளந்து பார்த்தார்கள். கதவருகே வாயு போய்விட்டிருந்தது. மூட்டை அடுக்குகளுக்கு நடுவே நின்றிருந்தது. அந்த முடிவையும், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்ற அறிவிப்பையும் சேர்த்து வெளியிட்டோம். அதுதான் ராமநாதன் சாரின் கடைசி இதழ். சங்கம் அவரை மறுபடி நியமிக்கவில்லை.

செல்வியை நாங்கள் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் டாக்டர் கோவிந்தன் ஊகித்துவிட்டார். அவள் மதுரைக்குப் போய் வேறு வழிகாட்டியிடம் முதலிலிருந்து தொடங்கினாள். பட்டம் வாங்கிய வருஷம் ஆபீசுக்கு வந்து அல்வாப் பொட்டலம் கொடுத்தாள். அன்றைக்கும் நின்றபடியே பேசினாள். பேச்சியம்மாவுக்குச் சில நாளில் குணமாயிற்று. அவளுக்கு வந்தது வாயுவாலா வெயிலாலா என்று கடைசிவரை தெரியவில்லை.

அதன்பிறகு எங்கள் இதழில் கட்டுரையோடு அதை எழுதிய எல்லோரும் கையெழுத்திட வேண்டும், ப்ரூஃப் எல்லோருக்கும் போக வேண்டும் என்று விதி வைத்தோம். புது ஆசிரியர் முணுமுணுத்தார்; தபால் செலவு என்றார். நான் விடவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு கட்டுரைமேல் புகார் வந்தால் ஆதாரம் கேளுங்கள், எழுதியவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள், புகார் சொன்னவரைக் காப்பாற்றுங்கள். இதெல்லாம் நியாயம். நியாயத்துக்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களில் உங்கள் இதழை நம்பி யார் எந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறார்கள் என்று, புகார் வந்த அன்றைக்கே விசாரியுங்கள்.