பக்கத்து வீட்டில் இருந்தால் சம்மதமா?

ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவள் நான். எண்பதுகளின் இறுதியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் அறையெடுத்து, ரவிக்கை தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் இருந்த என் வீட்டார் என்னைத் தேடவில்லை. மாடியில் எல்லோருக்கும் நான் யாரென்று தெரியும். அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை.

ஒரு சனிக்கிழமை சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி வந்து கதவைத் தட்டினாள். என் போன்றவர்களைப் பற்றிப் பல நாட்டு மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவளுடைய பேராசிரியர் ஆராய்கிறாராம். எல்லா நாட்டிலும் ஒரே கேள்விகள். தமிழர் வீடுகள் இவள் பங்கு. தமிழ்ப் பெண்தான், ஆனால் தமிழ் தடுமாறியது. என்னைப் பற்றி அவளுக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

"அக்கா, நான் கேட்டா யாருக்கும் புரியல லா. நீங்க கூட வந்து கேக்குறீங்களா?"

யாராவது என்னைக் கூட வரச் சொல்லி நெடுநாளாகியிருந்தது. போனேன்.

என் போன்றவர்களுக்கு அவள் காகிதத்தில் இருந்த சொல் யாருக்கும் விளங்காது. தெருவில் வழங்கிய சொல் என் வாயில் வராது. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்படிக் கேட்டேன்: "ஆம்பளையாப் பொறந்து பொம்பளையா வாழுற ஒருத்தர் பக்கத்து வீட்டுல இருந்தா உங்களுக்குச் சம்மதமா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அதுக்கென்ன. அவங்களும் மனுசங்கதானே."

எல்லாக் கதவிலும் அதே பதில். "உங்க ஃப்ளாட்ல எல்லாரும் ரொம்ப நல்லவங்க, அக்கா" என்றாள் அந்தப் பெண். நானும் நம்பிவிட்டேன். அன்று மாலை கதவைத் திறந்து வைத்துக்கொண்டே தைத்தேன்.

அடுத்த வாரம் வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"கீழ் வீட்டு அங்கிள் உங்களப் பத்திச் சொன்னாரு. எனக்குத் தெரியாதுக்கா, சாரி. உங்க முன்னால கேட்டா யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்களாம். நான் மட்டும் போய் மறுபடி கேக்கணும்னு சார் சொல்லிட்டாரு."

"போய்க் கேளும்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டேன். தையல் மெஷினை மிதிக்கவில்லை. அடுத்த வாசலில் பேசுவது அப்படியே கேட்டது.

"இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார் அக்கா. "தொந்தரவு ஒண்ணும் இல்ல. தைக்கக் குடுப்போம், பேசுவோம். வீட்டுக்குள்ள கூப்பிட்டுச் சாப்பாடு போடறதுன்னா... பிள்ளைங்க இருக்காங்க பாரு."

குரலில் வெறுப்பே இல்லை. இருந்திருந்தால் எழுந்துபோய்ச் சண்டையாவது போட்டிருப்பேன்.

கடைசியில் என் கதவைத் தட்டினாள். "நீங்களும் இந்த மாடிதானே. உங்களயும் கேக்கணும்."

உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். அதே கேள்வியை, நான் சொல்லிக்கொடுத்த சொற்களிலேயே, தலை நிமிராமல் கேட்டாள்.

"சம்மதம்" என்றேன். "அந்தப் பக்கத்து ரூம் காலியாத்தான் கெடக்கு."

எழுதிக்கொண்டாள். தேநீரை முழுவதும் குடித்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. எந்த நாட்டார் என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டு அக்கா ரவிக்கைத் துணியோடு வாசலில் வந்து நின்றார். கை கொஞ்சம் நீளமாக வேண்டுமாம்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"ஆச்சுக்கா" என்று துணியை வாங்கிக்கொண்டேன்.