குப்புற மிதக்கும் பயிற்சி

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் செத்துவிட்டதாக ஒருவர் நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு விட்டாரா? நீளமான மூங்கில் கழியை எடுத்து, அவரைப் பக்கத்து ஊர் எல்லைக்குத் தள்ளிவிடவும் பார்த்தார்!

பதறாதீர்கள். சவரி நன்றாகவே இருக்கிறார். நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில் மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் அந்தமானால் வந்தது.

எங்கள் கல்யாணத்துக்கு வரும் தை மாதத்தோடு இருபத்தைந்து வருஷம். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஜெனி, எங்களைக் கேட்காமலே அந்தமானுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். அங்கே போய் ஸ்நார்க்லிங் பண்ண வேண்டுமாம். அதாவது முகத்தில் கண்ணாடி, வாயில் மூச்சுவிட ஒரு குழாய்... கடலில் குப்புற மிதந்தபடி பவளப்பாறையும் மீனும் பார்க்க வேண்டும்.

"அது பண்ணாம அந்தமான் போறதும், பெரிய கோயில் பாக்காம தஞ்சாவூர் வர்றதும் ஒண்ணும்மா" என்றாள்.

அடுத்த வாரமே பார்சல் வந்தது. கண்ணாடி, குழாய், காலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் துடுப்பு. பள்ளிக்கூட ஹெச்.எம். சவரிமுத்து நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். வலது காலில் துடுப்பு ஏறியது. இடது காலில் ஏறவே இல்லை.

எப்படி ஏறும்? அந்தக் காலில்தான் ஆறு விரலாயிற்றே! சுண்டு விரலை ஒட்டி, குட்டியாக இன்னொரு விரல். பெண் பார்க்க வந்தபோதே தரகர் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லித்தான் எங்கள் தலையில் கட்டினார்.

"எங்கப்பாவுக்கும் இதே இடது கால்தான், இதே விரல்தான்" என்று சவரி அந்தக் காலைத் தடவிக்கொண்டார். எப்போது செருப்புக் கடைக்குப் போனாலும் இதைச் சொல்வார். ஏதோ பாட்டன் சொத்து மாதிரி.

அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது அந்த விரல் ஒன்றுதான்.

என் மாமனார் தொம்மையை நான் பார்த்ததில்லை. சவரிக்கே முகம் நினைவில்லை. அப்பா காணாமல் போனபோது அவருக்கு நாலைந்து வயது. சென்னையில் ஆட்சி மாறி, சுவர்களில் தேர்தல் சுண்ணாம்பு இன்னும் மங்காத காலம். டீக்கடையில் ரூபாய்க்குப் படி அரிசி வருமா என்று பேச்சு. வயலிலோ வேறு பேச்சு. அறுப்புக் கூலியாகக் கொடுக்கும் நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று ஆட்கள் கேட்டார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொள்கிறோம் என்று மிராசுதார்கள் சொன்னார்கள். ஊருக்கு ஊர் அடிதடி, போலீஸ் வேன்.

எங்கள் ஊரில் அப்படிக் கேட்டவர்களுக்கு முன்னால் நின்றவர் தொம்மை. குறுவை அறுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், பேசி முடிக்கலாம் வா என்று யாரோ கூப்பிட்டார்கள். போனார். அவ்வளவுதான்... திரும்பவில்லை. மறுநாள் காலையில் வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கினார்கள்.

தொம்மை விலை போய்விட்டான், காசை வாங்கிக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. போலீஸும் அதையே சொன்னது. ஓடிப்போனவன் மகன் - சவரி பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த பெயர் இது. என் மாமியார் அதை நம்பவில்லை. ஆனால் செத்தார் என்றும் நம்பவில்லை. கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. அந்தத் தாலியோடுதான் அவரை அடக்கம் செய்தோம்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். எங்கள் கல்லறைத் தோட்டமே மெழுகுவத்தி வெளிச்சத்தில் நிற்கும். சவரி தன் அம்மாவுக்கு ஏற்றுவார். அப்பாவுக்கு ஏற்ற மாட்டார், பூசையும் வைக்க மாட்டார். "உயிரோட இருக்கறவருக்கு எப்படி ஏத்தறது?" என்பார். ஒரு வருஷம் மட்டும் திரும்பி வரும் வழியில் சொன்னார்: "செத்துட்டார்னு யாராவது ஒருத்தர் சொல்லிட்டாப் போதும். ஓடிப் போனார்ங்கறது பொய்யாயிடும்."

அப்பா செத்திருக்க வேண்டும் என்று ஒரு மகன் ஆசைப்படுகிறார்.

சரி, பயிற்சிக்கு வருவோம். தஞ்சாவூர் நீச்சல் குளத்துக்குப் போனால் மாணவர்கள் இருப்பார்கள். கண்ணாடியும் குழாயுமாக ஹெச்.எம்.மைப் பார்த்தால் அடுத்த நாள் எந்தப் பையன் பயப்படுவான்? திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அதனால் காரை இன்னும் கிழக்கே விட்டோம். எங்களைத் தெரியாத ஏதோ ஒரு ஊர். ஊருக்கு வெளியே, காவிரியில் பிரிந்து வரும் வாய்க்கால், ஒரு மதகு, இறங்கப் படி. தண்ணீர் கரை தொட்டு ஓடியது.

இவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை வேறு. ஒருவர்கூடக் குளிக்கவில்லை. வயலில் ஒரு கொக்கு இல்லை. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

மதகுச் சுவரில் ஒரு மூங்கில் கழி சாய்த்து வைத்திருந்தது. நல்ல நீளம். நுனியில் துணியைப் பந்தாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஆகாயத்தாமரை தள்ளுவதற்கோ? செடியைத் தள்ளத் துணி எதற்கு? தொட்டுப் பார்த்தேன். வெளுத்த வேட்டித் துணி, நன்றாகத் துவைத்தது, மெத்தென்று இருந்தது. ஏனோ சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

"என்னங்க, வேற இடம் பாக்கலாமே..."

"தண்ணிக்குள்ள எல்லா எடமும் ஒண்ணுதான்" என்று இறங்கிவிட்டார். மார்பளவு தண்ணீர்.

ஜெனி போனில் வகுப்பு எடுத்திருந்தாள். "கையைக் காலை ஆட்டாதீங்கப்பா. உடம்பைத் தளர விட்டுட்டு சும்மா மிதங்க. அதான் மெயின்." சவரி நல்ல மாணவர். குப்புறப் படுத்தார், கையும் காலும் தானாக விரிந்தன. குழாய் வழியாக மூச்சு மட்டும் ஹூஸ்... ஹூஸ் என்று வந்தது.

அந்தச் சத்தம் வரும்வரை சரி. நடுவில் அவர் மூச்சைப் பிடித்துப் பழகும்போது சத்தம் நிற்கும். அப்போது பார்த்தால்... வண்டல் தண்ணீரில் ஒரு முதுகு, இரண்டு கை, இரண்டு கால். பார்க்கப் பிடிக்காமல், துண்டு எடுத்து வருகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ரோட்டில் நின்ற காருக்குப் போனேன்.

திரும்பி வரும்போது மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல். மெதுவான, கெஞ்சுகிற குரல்.

"போங்கய்யா... கோவிச்சுக்காதீங்க. நீங்க இங்க நின்னா ஊர்ல ஒரு ஆம்பளை தங்க முடியாது. போலீசு அள்ளிக்கிட்டுப் போயிடும். மெல்லப் போங்க சாமி. மதகைத் தாண்டிட்டா அந்த ஊருக்காரங்க பாத்துக்குவாங்க..."

எட்டிப் பார்த்தேன். எழுபது வயது இருக்கும் ஒரு மனிதர், இடுப்பில் துண்டோடு கரையில் நிற்கிறார். கையில் அந்தக் கழி. துணி சுற்றிய நுனியை சவரியின் இடுப்பில் வைத்து, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி அவ்வளவு பதமாகத் தள்ளுகிறார். சவரி மதகை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறார். அசையவில்லை. மூச்சுச் சத்தம் இல்லை.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அந்த நிமிஷம் நானும் அவர் செத்துவிட்டார் என்றே நம்பினேன்.

தண்ணீர் இழுப்பில் சவரியின் உடம்பு திரும்பியது. கால்கள் கரைப்பக்கம் வந்தன. கழி நின்றுவிட்டது. அந்த மனிதர் குனிந்தார், கண்ணை இடுக்கிக்கொண்டு இடது பாதத்தைப் பார்த்தார். கழியைக் கீழே போட்டார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"வந்துட்டீங்களா?" என்றார். "திரும்பி வந்துட்டீங்களாய்யா?"

அப்போதுதான் கத்தினேன். கழி பட்டதை, நான்தான் தள்ளி விளையாடுகிறேன் என்று நினைத்து அசையாமல் கிடந்த சவரி, நான் போட்ட சத்தத்தில் எழுந்து நின்றார். முகத்தை மூடிய கறுப்புக் கண்ணாடி, வாயில் குழாய், குழாயிலிருந்து பீறிடும் தண்ணீர்! வேறு யாராவது என்றால் ஊர் எல்லையைத் தாண்டி ஓடியிருப்பார்கள். இவர் ஓடவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எப்போதாவது இது வரும் என்று காத்திருந்தவர் மாதிரி.

சவரி கண்ணாடியைக் கழற்றி, கரையேறி, அவரைத் தொட்டுப் பேசி, தான் உயிருள்ள மனிதன் என்று நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிளாஸ்க்கில் இருந்த டீயைக் கொடுத்தேன். பெயர் கலியபெருமாள். அந்த ஊர்க்காரர். முன்பு பண்ணை வேலை, இப்போது மகனுக்குச் சொந்த நிலம் இருக்கிறது.

"கண்ணு சரியாத் தெரியலீங்க. பாத்ததும் கை பழைய வேலையைச் செஞ்சிடுச்சு. மன்னிச்சுக்குங்க சார்" என்றார்.

"பழைய வேலைன்னா?" என்றேன்.

சொன்னார். அந்தச் சண்டைக் காலத்தில் வாய்க்காலில் பிணம் ஒதுங்கினால், எந்த ஊரில் ஒதுங்கியதோ அந்த ஊர் ஆண்களைத்தான் முதலில் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவார்களாம். அதனால் கண்ணில் பட்டதை ஊர் விழிக்கும் முன்னே எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவார்களாம். கழி நுனியில் துணி சுற்றுவது உடம்பில் குத்திக் காயமாகாமல் இருக்க. அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டாம்.

"திருப்பிப் போட்டு முகத்தப் பாக்கக் கூடாதும்மா. யாருன்னு தெரிஞ்சிட்டா அப்புறம் தள்ள முடியாதுல்ல?"

"எத்தனை பேரைத் தள்ளியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நான் தள்ளுனது ஒருத்தரத்தான். முகம் பாக்கல. கால் மட்டும் கண்ணுல பட்டுடுச்சு." அவர் பார்வை மறுபடி சவரியின் இடது பாதத்துக்குப் போனது. "இதே காலு சார்."

சவரி ஈர உடம்போடு அவர் எதிரில் உட்கார்ந்தார். வகுப்பில் கேள்வி கேட்கும் குரல்தான்.

"எப்ப?"

"வருசம்லாம் தெரியாதுங்க. ஆட்சி மாறின பொறவு. மேலண்ட ஊர்ல வெளியூர் ஆளுங்க வந்து குறுவை அறுத்தாங்களே... அன்னிக்கிக் காலையில."

"கழுத்துல ஏதாவது இருந்துதா?"

"கயித்துல சின்னதா ஒரு துணித்துண்டு. வேதக்காரங்க போடறது."

கத்தோலிக்கர்கள் கழுத்தில் போடும் உத்தரியம். என் மாமியார் தன் கையால் கோத்துப் போட்டது என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார்.

"பின்மண்டை ஒடைஞ்சிருந்துச்சு சார்" என்றார் கலியபெருமாள், யாரும் கேட்காமலே.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு பொம்பளை சாகறவரைக்கும் தாலியோட காத்துக்கிட்டிருந்தாங்களே!"

"யாரு வீட்டுல போய்ச் சொல்லுவேன்மா? முகந்தான் பாக்கலியே. அன்னிலேருந்து கல்யாணம், சாவு, எங்க போனாலும் செருப்பு கழட்டறவங்க காலைத்தான் பாப்பேன். இந்தக் காலுக்குச் சொந்தம்னு யாராவது இருப்பாங்கள்ல..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பல்லாம் யாரும் தள்ளறதில்ல, போன் பண்ணிடறாங்க. நான்தான் வருசா வருசம் தண்ணி வந்ததும் துணியை மாத்திக் கட்டி வெப்பேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

நம் பக்கத்தில் எதைத்தான் நாம் அடுத்த எல்லைக்குத் தள்ளவில்லை? வழக்கை, வம்பை, பக்கத்து வீட்டு அழுகையை... முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும். எதையும் தள்ளிவிடலாம். காலைப் பார்த்துவிட்டதால் ஒரு மனிதர் காலமெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறார்.

சவரி கழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துணிப் பந்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வலிச்சிருக்காது, இல்ல?"

"வலிக்காதுங்க. என் தலைத்துண்டைத்தான் சுத்தியிருந்தேன்."

"மதகுக்கு அப்பால எங்க போயிருப்பாரு?"

"அடுத்த ஊருக்காரங்களும் தள்ளியிருப்பாங்க. அதுக்கடுத்த ஊரும் அப்படித்தான். கடைசியில கடலுங்க."

சவரி கழியை மதகுச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒரு முகம். அழுகை வழிகிறது, ஆனால் ஏதோ பாரம் இறங்கியிருக்கிறது.

"எங்கப்பா ஓடலம்மா" என்றார். "தள்ளிவிட்டிருக்காங்க."

கிளம்பும்போது கலியபெருமாள் அவர் காலைத் தொடக் குனிந்தார். சவரி பிடித்து நிறுத்தி, கட்டிக்கொண்டார். ஈர உடம்பு, சேற்று உடம்பு. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது பக்கத்து அறையில் நடக்கும் பேச்சு இதுதான். அந்தமான் டிக்கெட்டை ஜனவரியிலிருந்து நவம்பருக்கு மாற்ற வேண்டும். கல்லறைத் திருநாள் அன்று நாங்கள் அந்தக் கடலில் இருக்க வேண்டும்.

"கேன்சலேஷன் சார்ஜ் போகும்பா! அதோட கடல்ல எப்படிப்பா மெழுகுவத்தி ஏத்துவீங்க?" ஜெனி போனில் கத்துவது எனக்கே கேட்கிறது.

"கரையில ஏத்திக்கறேன். ரெண்டும் ஒரே வங்காள விரிகுடாதானே?" என்கிறார் ஹெச்.எம். "துடுப்பு வலது காலுக்கு மட்டும் போதும்னு சொல்லிடு. இடது கால் வெளியில தெரியணும்."

"யாருக்குப்பா?"

ஹெச்.எம். கேன்சலேஷன் சார்ஜ் எவ்வளவு என்று கேட்கிறார்.

எனக்குத் தெரியும். எல்லாரும் மீன் பார்க்க முகத்தைக் கவிழ்க்கும் கடலில், இவர் தன் அப்பாவுக்கு அடையாளம் காட்டப் போகிறார்.