தொப்பை மறைந்த படம்

மன்னார்குடிப் பக்கம் டிராக்டர்களை வாடகைக்கு விடும் முதலாளி அவர். தொப்பைக்குக் கீழே நழுவும் வேட்டி. பேசும்போதெல்லாம் மோதிரத்தைத் திருகுவார். அவருடைய செயலிக்கு முகப்புப் படம் வைக்கப் போயிருந்தேன். நடவுப் பெண்களுக்கு நடுவே அவர் நிற்க, ஓரத்தில் டிராக்டரும் தெரியும் அகலமான படம். போன் திரையை நிரப்ப ஓரங்களை வெட்டினேன்.

"டிராக்டர் போயிடுச்சே தம்பி. வெட்டாம நெருக்கிப் போடுங்க."

நெருக்கினேன். எல்லோரும் ஒடுங்கி, ஒட்டடைக் குச்சி போல் நீண்டார்கள். அவருக்கு வாயெல்லாம் பல்.

"இதுதான் நல்லாருக்கு. தொப்பையே தெரியல."

"அந்தப் பொம்பளைங்க எலும்பும் தோலுமா தெரியுறாங்களேங்க."

மோதிரத்தைத் திருகியபடி திரையை உற்றுப் பார்த்தார்.

"அவங்க எப்பவும் இப்படித்தானே இருக்காங்க."

கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூட மனிதர் என்று நினைத்திருப்பேன். அந்த ஆள் உண்மையாகவே வித்தியாசம் தெரியாமல்தான் சொன்னார்.